ஏழாம் நம்பர் மலையும் நாலு போன் ஹோல்டரும்

குன்னூருக்குச் சற்றுக் கீழே, தேயிலை தொடங்குகிற இடத்தில், ஒரு வளைவில் என் போன் பறந்தது. ரப்பர் வலை போட்டுப் பிடிக்கிற ஹோல்டர் அது. மேட்டுப்பாளையம் வரை சமர்த்தாக வந்தது. ஒரு சின்னக் குழியில் முன்சக்கரம் இறங்கி ஏறியதும், வலையின் ஒரு மூலை கழன்று, போன் சாலையோரக் கல்சுவரைத் தாண்டித் தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தது.

வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த ஒரு அம்மா, இடுப்பளவு செடிகளுக்கு நடுவே நின்று என் போனைத் தூக்கிக் காட்டினார்.

“ஏனுங்க, இது உங்குளுதுங்களா? கொழுந்துன்னு நெனச்சுக் கூடையில போடப் பாத்தனுங்க.”

“என்னோடதுதாங்க. ஹோல்டர் விட்டுருச்சு.”

“நல்லவேளை செடி மேல உழுந்துச்சு. கூடையில உழுந்திருந்தா ஃபேக்டரிக்குப் போயித் தூளாயிருக்குமுங்க. அப்பறம் யாரோ அதை டீ போட்டுக் குடிச்சிட்டு ஹலோ ஹலோன்னுட்டு இருப்பாங்க.”

பக்கத்து வரிசைகளில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். போனில் ஒரு கீறல்கூட இல்லை. எங்கள் சாத்தூர்ப் பக்கம் வண்டியிலிருந்து போன் விழுந்தால் கீழே வேலிக்கருவேல முள்ளும் சரளைக்கல்லும்தான். விழுந்த பொருளை மெத்தையில் வாங்கிக்கொள்கிற ஊரை அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் போனும் என்னுடையது இல்லை. கோவையில் இருசக்கர வண்டிச் சாமான்கள் விற்கிற கணேசன் கொடுத்தது. நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். லாரி கிளீனர், போர்வெல் வண்டி, புரோட்டாக் கடை என்று போய், கடைசியில் ஆறு மாதமாக அவர் கடையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் உட்கார முடியாத என் புத்தியை அவர் தெரிந்துவைத்திருந்தார். நாலு மாதிரி ஹோல்டர்களைக் கையில் கொடுத்து, “மலையில ஒரு வாரம் ஓட்டு. எது தாங்குதோ அதை மட்டும் சரக்கு எடுக்கலாம்” என்றார். கூடவே இன்னொரு வேலை. “பந்தலூர்ல ஆறுமுகம்னு ஒருத்தர் நம்மகிட்ட இரும்பு ஹோல்டர் வாங்கிட்டுப் போனாரு. பிடி பத்தல, போட்டோவெல்லாம் ஆட்டமா வருதுன்னு தினம் போன் பண்றாரு. போயி இறுக்கிக் குடுத்துட்டு வா.”

ரப்பர் வலைக்கு நோட்டில் பூஜ்யம் போட்டேன். போனை இரும்பு ஹோல்டருக்கு மாற்றினேன். நாலு மூலையிலும் கொக்கி, ஆறுமுனைச் சாவியால் முடுக்குகிற திருகு. ஒரு மாதமாகக் கோவையில் நான் ஓட்டிக்கொண்டிருந்ததும் அதில்தான். ஊட்டித் தார்ச்சாலையில் என் பல் ஆடியது, போன் ஆடவில்லை.

அன்று குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்தேன். கதவு சாத்தினாலும் குளிர் உள்ளேதான் இருந்தது. காலையில் சவரம் செய்யப் போனால் கண்ணாடி முழுக்க ஆவி. துடைக்கத் துடைக்கப் படர்ந்தது. போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, அதில் முகம் பார்த்துச் சவரம் செய்தேன். மீசையின் ஒவ்வொரு நரைமுடியும் தெளிவாகத் தெரிந்தது. இந்த அற்ப விஷயத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

அருவங்காட்டில் ஒரு டீக்கடை வாசலில் சைக்கிள் ஒன்றைப் பார்த்தேன். ஏற்றத்தில் சைக்கிள் ஓட்டுகிற ஆளை நான் எப்போதுமே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அதன் ஹேண்டில்பாரில் அதே ரப்பர் வலை ஹோல்டர். சைக்கிள்காரர் சிவக்குமார், அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை, என் வயதுதான் இருக்கும். வார லீவில் கோத்தகிரி, கட்டபெட்டு வரை போய்வருவாராம்.

“இது உங்களுக்குக் கழலலையா?” என்று கேட்டேன்.

“எதுக்குங்க கழலுது? சைக்கிள்ல ஆட்டம் ரோட்டுல இருந்து மட்டும்தானுங்க வருது. அதைப் பாதி டயர் வாங்கிக்கும், மீதி நம்ம கை வாங்கிக்கும். உங்க வண்டியில ரோடு ஒரு பக்கம் ஆட்டுது, எஞ்சின் ஒரு பக்கம் ஆட்டுது. வாங்க, ஊடு பக்கத்துலதான். செஞ்சே பாத்தரலாம்.”

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவர் வீட்டு வாசலில் என் பைக்கையும் அவர் சைக்கிளையும் அக்கம்பக்கமாக நிறுத்தினோம். முதலில் ஒரு பாடம் கிடைத்தது. என் இரும்பு ஹோல்டரின் வளையம் பைக்குக்கென்று வந்தது, சைக்கிளின் நடுக்கம்பியில் ஏறவில்லை, அங்கே தடிமன் அதிகம். ஓரத்தில் மாட்டினால் லொடலொடவென்று சுற்றியது. சிவக்குமார் பழைய சைக்கிள் டியூபில் இரண்டு விரல் அகலம் வெட்டி உள்ளே சுற்றினார். கச்சிதமாக உட்கார்ந்தது. மீதி டியூபை என் பையில் போட்டுவிட்டார். அவர் சைக்கிளை வாங்கி இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். திரை அசையவே இல்லை. ஒரு வேகத்தடையில் மட்டும் ஹோல்டர் தலை குனிந்து என் முழங்காலைப் பார்த்தது. நிமிர்த்தி வைத்தால் மறுபடி ஒழுங்கு.

பிறகு பைக். சிவக்குமாருக்கு ஒரு யோசனை வந்தது. தண்ணீர் பாட்டிலின் மூடியில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, படுக்கவைத்த போனின் மேல் வைத்து, எஞ்சினை ஓடவிட்டார். இரும்பு ஹோல்டரில் போன் சிலை மாதிரி இருந்தது. ஆனால் மூடியில் தண்ணீர் குளிரில் தோல் புல்லரிப்பதுபோல் பொடிப்பொடியாகச் சிலிர்த்தது. அடுத்தது, திருகி மாட்டுகிற வகை, அடியில் நாலு ரப்பர் குமிழ்கள் உள்ளது. அதில் போன் சும்மா நிற்கும்போதே தலையாட்டியது. தண்ணீரோ மெதுவாகச் சாய்ந்து சாய்ந்து வந்ததே தவிர சிலிர்க்கவில்லை.

நான் நோட்டில் எழுதினேன்: இரும்பு முதல் இடம். ரப்பர் குமிழ், ஆடுகிறது, இரண்டாம் இடம்.

“தண்ணி சொன்னதை எழுதலீங்களே?” என்றார் சிவக்குமார்.

“வண்டியில தண்ணியையா வெச்சுட்டுப் போகப் போறாங்க?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு உள்ளே போய் வர்க்கியும் டீயும் எடுத்துவந்தார். வர்க்கி கையில் எடுத்ததும் உதிர்ந்தது. எங்கள் ஊர்ச் சேவு கடித்தால்தான் உடையும், இது பார்த்தாலே உடைகிறது.

ஊட்டியில் மழை. நாலாவது ஹோல்டரான ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்கு அது நல்ல சோதனை. தண்ணீர் உள்ளே போகவில்லை, ஆனால் போனின் சூட்டில் உள்பக்கம் ஆவி கட்டிக்கொண்டது. பைக்காராவில் சுட்ட சோளக்கதிர் தின்றுகொண்டு நின்றபோது, அதே மாதிரிப் பையோடு மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்கள். கணவர் பிளாஸ்டிக்கைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். மனைவி கன்னடத்தில் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சோளக்கதிர்க்காரர் தமிழில் சொன்னார்: “ஏரி கண்ணு முன்னாடி இருக்குது, இவரு பையைத் தொறந்து போனைப் பாத்துட்டுத்தான் ஏரின்னு ஒத்துக்குவாராம்.”

கூடலூர் இறங்கியதும் குளிர் விட்டது. டீக்கடையில் புட்டும் கடலையும். போகிற இடம் கேட்ட கடைக்காரர், வழியெல்லாம் யானை, போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டாதே என்று மலையாளத்தில் எச்சரித்தார். பெஞ்சில் இருந்த ஒருவர் மலையாளத்திலேயே மறுத்தார். போனைப் பார்த்தால்தானே யானை எங்கே என்று தெரியும் என்றார். கேலி என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன்.

பந்தலூருக்கு அப்பால் ஒரு எஸ்டேட். ஆறுமுகம் லயத்து வாசலில் காத்திருந்தார். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் தொழிலாளர் வீடுகள். அவருடைய அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். அந்தப் பேச்சு வீட்டில் இன்னும் இருக்கிறது. காலைக் கணக்கெடுப்புக்குப் பெரட்டு என்கிறார்கள். தேயிலைக் காட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் மலை என்று பெயர். மேற்பார்வை அதிகாரி கண்டாக்கு.

ஆறுமுகம் எஸ்டேட்டின் யானைக் காவல். விடிந்ததும் பைக்கில் ஒரு சுற்றுச் சுற்றி, யானை எந்த மலையில் நிற்கிறது என்று வாட்ஸப் குழுவில் போடவேண்டும். அதைப் பார்த்துத்தான் பெரட்டில் பெண்களை எந்த மலைக்கு அனுப்புவது என்று கண்டாக்கு முடிவு செய்வார். ஓட்டும்போது மற்ற காவல்காரர்களின் சேதியும் கண்ணில் படவேண்டும் என்பதால் போன் ஹேண்டில்பாரில். வழி பார்க்கத்தான் ஹோல்டர் என்று நான் நினைத்திருந்தேன். வழியில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவும் ஹோல்டர் வேண்டியிருக்கிறது.

“படத்தைப் பாருங்க தம்பி” என்று போனை நீட்டினார். பத்துப் பதினைந்து படங்கள். எல்லாமே நனைந்த துணியில் மை ஊறியது மாதிரி. “உங்க ஹோல்டர்ல பிடி பத்தல. நல்லா முறுக்கி விடுங்க.”

அவருடைய மனைவி லெட்சுமி ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். உறைப்பில் எனக்குக் காது அடைத்தது. “படம் தெளிவா இல்லாட்டி என்ன? வாயால சொன்னா பத்தாதா?” என்று கேட்டேன்.

ஆறுமுகம் ரொட்டியைப் பிய்த்தார். லெட்சுமி சொன்னார்: “படமில்லாட்டி யானையில்ல. அதான் ரூலு. யாரால வந்துச்சுன்னு கேளுங்க அண்ணே.”

“நீ சும்மா இருக்க மாட்டியா?”

“ஏன், சொன்னா என்ன? ஏழாம் நம்பர் மலை நட்டக்குத்தலா இருக்கும். அங்கே போகச் சொன்னாலே எல்லாருக்கும் கால் வலி வந்துரும். அதனால ஆளாளுக்கு ‘ஏழாம் நம்பர்ல யானை’ன்னு குரூப்புல போட்டு விட்டுருவாங்க. இவரு அதுக்கும் மேல. எங்க சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு லீவு குடுக்கலைன்னு, காவல்காரரே நாலு யானைன்னு போட்டாரு. வேலை நிறுத்திட்டாங்க. நாங்க கல்யாணத்துல சோறு தின்னுட்டு இருக்கோம், கண்டாக்கையா ஏழாம் நம்பர்ல தனியா நடந்து பாத்துட்டு வர்றாரு. யானை போட்ட லத்திகூட இல்ல. மறுநாளே ரூலு.”

“அன்னிக்கி நீயும்தான் ரெண்டு தடவை பாயசம் வாங்கின” என்றார் ஆறுமுகம்.

சிரித்தார்கள், ஆனால் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. லெட்சுமியும் கொழுந்து எடுக்கிறவர்தான். யானைக்குக் கீழே போய் நிற்கப்போவது அவருடைய குழுதான். ஆறு நாளாகக் கண்டாக்கு ஆறுமுகத்தின் படங்களை ஒத்துக்கொள்ளவில்லை. யானைகள் காட்டோரத்தில் மட்டும் நின்றதால் ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஏழாம் நம்பர் மலையின் உச்சியில் பலா பழுத்திருந்தது.

நான் ஆறுமுனைச் சாவியை எடுத்து ஹோல்டரை இறுக்கினேன். ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. இன்னும் அரைச் சுற்று. ஆறுமுகம் பிடித்து ஆட்டிப் பார்த்துத் திருப்தியானார். எனக்கும் திருப்தி. என் நோட்டில் முதல் இடம் வாங்கிய ஹோல்டர் அல்லவா.

மறுநாள் ஆறு மணிக்கு அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். கிளம்புமுன் வழக்கம்போலப் போனில் முகம் பார்த்துக்கொண்டேன். சாரலும் பனியும். மேல் ரோட்டில் ஒரு திருப்பத்தில் ஆறுமுகம் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சத்தமில்லாமல் உருட்டினார். ஏழாம் நம்பர் மலை என்று எழுதிய பலகை. அதற்கு மேலே பலாமரம். மரத்தடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய உடம்பு, அதன் காலுக்கிடையே ஒரு சின்ன உடம்பு. சற்றுத் தள்ளி இன்னொன்று, முதுகு மட்டும்.

ஆறுமுகம் போனைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்து எடுத்தார். அதே ஊறிய மை. கையில் பிடித்தும் ஆடுகிறதே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். கேமரா திறந்திருக்கும்போது உள்ளே பெட்டிக்குள் மாட்டிய வண்டு மாதிரி ஒரு மெல்லிய கிர்ர் சத்தம். என் போனை எடுத்து நான் ஒரு படம் எடுத்தேன். அதுவும் ஊறிய மை. காதில் வைத்தேன். அதற்குள்ளும் வண்டு.

பாட்டில் மூடியில் தண்ணீர் சிலிர்த்தது ஞாபகம் வந்தது. இந்தப் போன்களில் படம் அசங்காமல் இருக்க லென்ஸையே தாங்கிப் பிடிக்கிற நுணுக்கமான ஒரு அமைப்பு உண்டு என்று கணேசன் பெருமையடித்திருக்கிறார். இரும்பு ஹோல்டர் எஞ்சினின் நடுக்கத்தை ஒரு துளி சிந்தாமல் அதற்குள் இறக்கி அதைக் கெடுத்திருக்கிறது. நாங்கள் இறுக்க இறுக்க இன்னும் நன்றாக. நேற்று அந்த அரைச் சுற்றை முடுக்கியதும் நான்தான்.

ஆறுமுகம் என் படத்தையும் வாங்கி, இரண்டையும் குழுவில் போட்டார். உடனே ஒருவர் ‘பாறையா?’ என்று கேட்டார். இன்னொருவர் ‘இன்னிக்கி யாரு கல்யாணம்?’ என்று போட்டுச் சிரிப்பு முகம் மூன்று வைத்தார். ஆறுமுகம் கண்டாக்கை அழைத்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசமுடிந்தது.

“ஐயா, குட்டியோட நிக்குது. சத்தியமா.”

“அன்னைக்கும் சத்தியமாத்தானே சொன்ன ஆறுமுகம்? தெளிவாப் படம் போடு. பெரட்டு முடியப் போகுது.” வைத்துவிட்டார்.

பெண்கள் ஏறுகிற பாதை மலையின் அந்தப் பக்கம். நேராக ஏறி இறங்கிப் போய்த் தடுக்க யானைதான் குறுக்கே. ரோட்டைச் சுற்றிப் போக அரைமணி நேரம். லெட்சுமியை அழைத்தார், எடுக்கவில்லை. போனைக் கொழுந்துக் கூடையோடு பிளாஸ்டிக் படுதாவுக்குள் கட்டி வைத்திருப்பார் என்றார். ஆறுமுகத்தின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு என் மீசை ஞாபகம் வந்தது. காலையில் முகம் ஆடவே இல்லையே.

“முன்பக்கக் கேமராவுல எடுங்கண்ணே. அது கெடல.”

“அதுக்குத் திரும்பி நிக்கணும்ல? யானைக்கு முதுகு காட்டவா சொல்றீங்க?”

“நீங்க திரும்ப வேணாம். போனைத் திருப்புங்க.”

திரையை யானைப் பக்கமாகத் திருப்பி, வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சத்தம் கூட்டுகிற பொத்தானை அழுத்தினார். அதை அழுத்தினாலும் படம் விழும். என்ன விழுகிறது என்று எங்களுக்குத் தெரியாது. முதல் படத்தில் வானம். இரண்டாவதில் தேயிலையும் பலகையின் கால்களும். தாய் யானை காதை விரித்து எங்கள் பக்கம் பார்த்தது. நான் வண்டியை எந்தப் பக்கம் தள்ளுவது என்று பார்த்துக்கொண்டேன். ஆறுமுகம் ஒரு அடி முன்னால் போனார். மூன்றாவது படத்தில் சாய்ந்துபோன பலகை, சாய்ந்துபோன பலாமரம், அடியில் தாயும் குட்டியும். குட்டியின் முதுகிலிருந்த மண்கூடத் தெரிந்தது.

போட்டார். பிறகு கண்டாக்கின் குரல் சேதி. பெரட்டு மைதானத்தின் இரைச்சலோடு வந்தது: “எல்லாரும் ரெண்டாம் நம்பர் மலைக்குப் போங்க. ஏழாம் நம்பருக்குக் கிளம்பினவங்களைக் கூப்பிட்டுத் திருப்புங்க, விசில் அடிங்க.” மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசில் சத்தம் எங்களுக்கும் கேட்டது.

நாங்கள் வண்டியை உருட்டிக்கொண்டு திருப்பம் தாண்டினோம். தாண்டியதும் ஆறுமுகம் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் லெட்சுமி வந்ததும் முதல் கேள்வி, “யானையோட செல்ஃபியாமே? தலை சீவிட்டுப் போனீங்களா?” என்பதுதான். பிறகு சமையலறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

கெட்ட கேமரா கெட்டதுதான், அதைச் சரிசெய்ய என்னால் முடியாது. அவர் வண்டியில் ரப்பர் குமிழ் ஹோல்டரை மாட்டினேன், அதற்கு அடியில் சிவக்குமார் கொடுத்த டியூபையும் சுற்றினேன். கழற்றிய இரும்பு ஹோல்டரில் ஆறுமுகம் டார்ச்சை மாட்டிக்கொண்டார். டார்ச்சுக்கு எந்த நடுக்கமும் உறைக்காது.

கோவை திரும்பி நோட்டைக் கணேசனிடம் கொடுத்தேன். சைக்கிளுக்கு ரப்பர் வலை போதும், பைக்குக்குக் குமிழ் வைத்தது, மழைக்குப் பை என்று எழுதி, இரும்பின் முதல் இடத்தை அடித்திருந்தேன். அவர் தன் போனைக் காதில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் என்னைத் திட்டினார். பிறகு என் எதிரிலேயே தன் வண்டியிலிருந்த இரும்பு ஹோல்டரையும் கழற்றினார்.

நான் இப்போது ஊரில் இருக்கிறேன், வெயிலில். ஆறுமுகம் என்னைக் குழுவில் சேர்த்துவிட்டிருந்தார், வெளியே வர மனமில்லை. தினமும் காலையில் ஒரு சாய்ந்த படம் வரும். பாதி நாள் வானம்தான் அதிகம்.

இன்று படம் வரவில்லை. ஆறுமுகத்தின் எழுத்து மட்டும் வந்தது: ‘ஏழாம் நம்பர்ல ரெண்டு நிக்குது. ரொம்பக் கிட்ட. படம் எடுக்கல.’

அதற்குக் கீழே யார் என்ன போடுவார்கள் என்று டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டாக்கு போட்டார்: ‘சரி. எல்லாரும் ரெண்டாம் நம்பர்.’